எந்த மருந்து?

இடது கையின் சுட்டுவிரல் திரையில் வரிக்கு அடியில் ஊர்ந்துகொண்டிருந்தது. வலது கை மௌசின் மேல் அசையாமல் கிடந்தது. விரல் ஒரு சொல்லுக்கு அடியில் வந்து நிற்கும். ஹெட்போனில் அதே சொல் ஒலிக்கும். இரண்டும் ஒன்றாக இருந்தால் விரல் அடுத்த சொல்லுக்கு நகரும். வரி முடிந்ததும் வலது கை விழித்துக்கொண்டு பச்சைப் பொத்தானை அழுத்தும். 'சரி.' அடுத்த புகார் வந்து நிற்கும். விரல் பட்டுப் பட்டுத் திரையின் நடுவே ஒரு பட்டை மங்கியிருந்தது. அவ்வப்போது முந்தானை நுனி வந்து அதைத் துடைத்துவிட்டுப் போகும்.

மேலத்தெருவில் குழாயில் தண்ணீர் வரவில்லை. சரி. தெருவிளக்கு எரியவில்லை. சரி. முதியோர் உதவித்தொகை நின்றுபோயிற்று. சரி. பள்ளிக்கூட வாசலில் நாய்த் தொல்லை. சரி.

"அக்கா, விரல வச்சுத் தேச்சுத் தேச்சு டிவிப் பொட்டியில ஓட்ட போட்டுராதீக" என்றாள் அடுத்த நாற்காலி யோகேஸ்வரி.

"எனக்கு விரல் வைக்காட்டி வாசிக்க வராதுடி" என்றாள் அருணாதேவி.

விருதுநகரில் ஒரு கடை வளாகத்தின் மாடியில் இருந்தது அந்தக் குரல் மையம். மாவட்டத்தில் எந்த ஊரிலிருந்தும் யார் வேண்டுமானாலும் போன் போட்டுத் தங்கள் குறையைச் சொல்லலாம். முன்பு மனிதர்கள் போனை எடுத்தார்கள். இப்போது எடுப்பது ஒரு செயற்கை நுண்ணறிவு நிரல். அது கேட்கிறது, எழுதுகிறது, எந்தத் துறைக்குப் போகவேண்டும் என்று முடிவு செய்கிறது, அவசரமா சாதாரணமா என்றும் சொல்லிவிடுகிறது. அது எழுதியதைக் குரலோடு ஒப்பிட்டுப் பார்த்து இரண்டில் ஒரு பொத்தானை அழுத்துவது அருணாதேவியின் வேலை. பச்சை 'சரி'. சாம்பல் நிறம் 'மாற்று'.

அந்த நிரலுக்கு அரசாங்கம் வைத்த நல்ல பெயர் ஒன்று உண்டு. மையத்தில் யாரும் அதைச் சொல்வதில்லை. 'மாப்பிள்ளை' என்றுதான் சொல்வார்கள். பெயர் வைத்தவள் யோகேஸ்வரி. "புது மாப்பிள்ள குழம்புல உப்பு இல்லன்னு சொன்னா, நாம அள்ளிப் போட்டிருந்தாலும் இல்லதான? எதுத்துப் பேசுவோமா? அதே கததான் இதுவும்" என்பாள்.

வந்த புதிதில் மாப்பிள்ளைக்கு இந்தப் பக்கத்துப் பேச்சு பிடிபடவில்லை. 'எங்க வளவுல கக்கூஸ் அடைச்சுக்கிச்சு' என்றால், சுற்றி வீடுகளும் நடுவில் பொது முற்றமுமாக இருக்கும் வளவை அது சாலை வளைவு என்று எழுதி நெடுஞ்சாலைத் துறைக்கு அனுப்பும். ஏரியைச் சொல்லி 'கம்மாயில தண்ணி இல்ல' என்றால் 'அம்மாவுக்குத் தண்ணீர் இல்லை' என்று சமூகநலத் துறைக்கு. எல்லாரும் சிரித்துச் சிரித்து மாற்றிப் போட்டார்கள். ஆறு மாதத்தில் சிரிப்பு நின்றது. மாப்பிள்ளை கொஞ்சம் கற்றுக்கொண்டிருந்தார். மீதியை இவர்கள் பழகிக்கொண்டார்கள்.

அருணாதேவிக்கு விரல் வைத்து வாசிக்கும் பழக்கம் சிவகாசியிலிருந்து வந்தது. பிறந்தது நாரணாபுரம். அம்மா பட்டாசுக் கம்பெனியில் சரவெடி பின்னினாள். வீட்டில் மருந்து என்ற சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான் இருந்தது. காய்ச்சலுக்குத் தின்பது மாத்திரை. பாட்டிலில் வந்தால் டானிக். மருந்து என்றால் கம்பெனியில் கலப்பது, வெடிப்பது. தன் பிள்ளை அந்தப் பக்கமே வரக்கூடாது என்று அம்மா அவளை டைப்ரைட்டிங் வகுப்புக்கு அனுப்பினாள். அங்கிருந்து ஓர் அச்சகத்துக்கு வேலைக்குப் போனாள். காலண்டர், பட்டாசு லேபிள், கல்யாணப் பத்திரிகை என்று வந்ததையெல்லாம் ப்ரூஃப் பார்த்தாள். யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை. பிழை விட்டு ஏச்சு வாங்கி, வாங்கின ஏச்சை ஞாபகம் வைத்துக் கற்றுக்கொண்டது.

அங்கே ஒரு வழக்கம் இருந்தது. பிழை என்று தெரிந்தால் அடித்துத் திருத்தலாம். பிழையா இல்லையா என்று தெரியாவிட்டால் கை வைக்கக் கூடாது. ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு அதைச் சுற்றி வட்டம் போட வேண்டும். வட்டமிட்ட கேள்விக்குறி இருக்கிற தாள் மெஷினுக்கு ஏறாது. அச்சடிக்கக் கொடுத்த பார்ட்டியைக் கூப்பிட்டுக் கேட்பார்கள். ஒரு முறை பத்திரிகையில் மணமகன் பெயர் சீனிவாசகம் என்று வந்தது. சீனிவாசனா, இல்லை நிஜமாகவே சீனிவாசகமா? வட்டம் போட்டாள். கேட்டால் சீனிவாசகம்தான். திருத்தியிருந்தால் ஐந்நூறு பத்திரிகையும் குப்பைக்குப் போயிருக்கும்.

கல்யாணமாகி விருதுநகர் வந்தாள். கணவர் அய்யப்பன் மிளகாய் வற்றல் கமிஷன் கடையில் எடை போடுகிறவர். மகள் பிரீத்தி மதுரையில் நர்சிங் படிக்கிறாள். குரல் மையத்தில் ஒப்பந்த வேலைக்கு ஆள் எடுத்தபோது, பிழையில்லாமல் தட்டச்சு செய்கிறவள் என்று அருணாதேவிக்கும் இடம் கிடைத்தது.

முதலில் மையத்துக்குப் பொறுப்பாக இருந்தவர் சங்கரலிங்கம். ஓய்வுபெற்ற தாசில்தார். அவர் சத்தம் கீழே மருந்துக்கடை வரை கேட்கும். யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "ஏம்மா, உன்னத்தான்" என்பார். ஆனால் யாராவது ஒரு புகாரை வைத்துக்கொண்டு விழித்தால், "என்னம்மா முழிக்க? போகச் சொல்லு. போய்ப் பாத்தா என்ன குடி முழுகிருமா? எவனாவது கேட்டா சங்கரலிங்கம் சொன்னான்னு சொல்லு" என்பார். கேட்கவும் செய்தார்கள். அவரும் போனில் கத்தி முடித்துவிட்டு வெற்றிலையைப் போட்டுக்கொள்வார். அவர் காலத்தில் வேண்டியவர்கள் மேல் வந்த சில புகார்கள் மேசை டிராயரை விட்டு வெளியே வரவேயில்லை என்பதும் எல்லாருக்கும் தெரிந்ததுதான். அவர் போனபோது யாரும் அழவில்லை.

அவர் இடத்துக்கு ஹரிஷ்குமார் வந்தார். விருதுநகர்ப் பிள்ளைதான், பருப்பு மொத்த வியாபாரக் குடும்பம். பெங்களூரில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். அவரோடுதான் மாப்பிள்ளையும் வந்தார். ஹரிஷ்குமார் ஒரு நாளும் குரலை உயர்த்தியதில்லை. வயதில் மூத்தவர்களை 'மேடம்' என்பார். தன் டம்ளரைத் தானே கழுவி வைப்பார். சுவரில் ஒரு பெரிய திரை மாட்டினார். அதில் ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே ஒரு பட்டை. 'மாற்று' அழுத்த அழுத்தப் பட்டை நீளும். பச்சை மஞ்சளாகும், மஞ்சள் சிவப்பாகும். திங்கள்கிழமை காலை எல்லாரையும் அதன் முன்னால் உட்கார வைத்து, "இவங்க பட்டை ஏன் நீளமா இருக்குன்னு நாம சேர்ந்து புரிஞ்சுக்கலாமா?" என்று கேட்பார். அவ்வளவுதான். ஏச்சு இல்லை, மெமோ இல்லை. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லி முடிப்பதற்குள் நாக்கு வறண்டுவிடும்.

மாற்றக் கூடாது என்று விதி எதுவும் கிடையாது. மாற்றினால் ஒரு பெட்டி திறக்கும். காரணத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும், விளக்கம் எழுத வேண்டும். பட்டை மஞ்சளுக்குப் போனவர்கள் மாற்றினால் மேலாளர் ஒப்புதல் கொடுத்த பிறகுதான் புகார் நகரும். 'சரி' என்பதற்கு யாரும் காரணம் கேட்பதில்லை. தப்பான 'சரி' எங்கேயும் கணக்கிலும் வராது. புகார் சுற்றித் திரிந்து திரும்பி வந்தாலும் அது துறையின் தாமதமாகத்தான் பதிவாகும்.

அப்படியும் அருணாதேவி மாற்றிக்கொண்டுதான் இருந்தாள், ஆனி மாதம் வரை.

ஆனியில் அருப்புக்கோட்டைப் பக்கத்திலிருந்து ஓர் ஆண் குரல். "பக்கத்து வீட்டுல மருந்து கலக்காக. வாடை தாங்கல. கண்ணெல்லாம் காந்துது. எப்ப என்ன ஆகுமோன்னு இருக்கு." மாப்பிள்ளை அதை வேளாண்மைத் துறைக்குப் போட்டிருந்தார். அருணாதேவிக்கு நாரணாபுரம் நினைவுக்கு வந்தது. வீட்டுக்குள் திருட்டுத்தனமாகப் பட்டாசு உருட்டி எத்தனை வீடுகள் போயிருக்கின்றன. விரல் வைத்துக்கூடப் படிக்கவில்லை. 'மாற்று.' வெடிமருந்து, உடனடி. மத்தியானத்துக்குள் வருவாய்த் துறை ஜீப்பும் தீயணைப்பு வண்டியும் அந்த வீட்டு வாசலில் நின்றன.

வீடு செல்லப்பாண்டி என்ற விவசாயியுடையது. பருத்திக்கு அடிக்கப் பூச்சிமருந்து கலந்துகொண்டிருந்தார். பக்கத்து வீட்டுக்காரனுக்கும் அவருக்கும் வரப்புத் தகராறு. அன்றைக்கு அவர் மகளைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள்.

இரண்டு நாள் கழித்துச் செல்லப்பாண்டி மஞ்சள் பையோடு மையத்துக்கே வந்துவிட்டார். "மருந்துன்னு எழுதி அனுப்புனது யாரு?" என்று கேட்டார். அருணாதேவி எழுந்தாள். அவர் பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து அவள் மேசைமேல் வைத்தார்.

"இதான்ம்மா அந்த மருந்து. நல்லாப் பாத்துக்கிடுங்க. மோந்தும் பாத்துக்கிடுங்க. அடுத்த தடவ வண்டி அனுப்பும்போது தோதா இருக்கும்."

"தெரியாம நடந்துபோச்சு, அண்ணாச்சி. மன்னிச்சிருங்க."

"வந்தவக வாசல்ல செருப்பக் கழத்திக்கிட்டு இருக்காக, பின்னாலயே பயர் வண்டி சங்கு ஊதிக்கிட்டு வந்து நிக்கி. நான் என்னன்னு சொல்ல? கழத்துன செருப்ப அப்படியே மாட்டிக்கிட்டுப் போனவகதான்." கோபம் முழுக்க இறங்கிவிட்டது போலிருந்தது. "பிள்ள யாருகூடயும் பேச மாட்டேங்கா" என்று டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அந்தத் திங்கள்கிழமை ஹரிஷ்குமார் அவள் பெயரைச் சொல்லவேயில்லை. "ஒரு கேஸை எடுத்துக்கலாம்" என்றார். எல்லாரும் திரும்பி அவளைப் பார்த்தார்கள். நிரல் சரியாகச் சொல்லியிருந்தது, மனிதர் மாற்றியதால் தவறு நேர்ந்தது என்று சென்னைக்குப் போன அறிக்கையில் ஒரு வரி ஏறியது. அதற்குப் பிறகு அருணாதேவியின் விரல் நகர்ந்தது, வலது கை பச்சையையே அழுத்தியது. அநியாயத்துக்கு வளவு வளைவாக இருந்தாலொழிய அவள் மாற்றுவதில்லை. அந்த ஆனி மாற்றத்தோடு மஞ்சளுக்கு ஏறிய பட்டை அப்படியும் இறங்கவில்லை. தீபாவளி முடிந்ததும் ஒப்பந்தம் புதுப்பிக்கவேண்டும். சிவப்பில் இருப்பவர்களுக்குப் புதுப்பிப்பதில்லை என்று யாரும் வாயால் சொன்னதில்லை. சிவப்பில் இருந்த இரண்டு பேர் ஆடிக்குப் பிறகு வரவில்லை.

இப்போது தீபாவளிக்கு முந்தின வியாழக்கிழமை. வெளியே வானம் மூட்டமாக இருந்தது. அருணாதேவி தெருநாய்ப் புகாரை முடித்துவிட்டு அடுத்ததைத் திறந்தாள்.

"ஏய்யா, நான் பஞ்சம்மா பேசுதேன். ஓடைக்கரைப்பட்டி, கிழக்க உள்ள வளவு. எங்க வளவுல மருந்து அம்புட்டு கெடக்குய்யா. நேத்து மழையில நனஞ்சுபோச்சு. இப்ப சாக்கப் போட்டு மூடி வச்சிருக்காக. வாடை தாங்கல. கிட்டப் போனா காந்துது. பிள்ளைக அங்கனதான் விளையாடுது. கேட்டா, ஒன் சோலியப் பாருங்காக. ஆராச்சும் வந்து ஒரு எட்டு பாத்துட்டுப் போங்கய்யா. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிராதீக."

பின்னால் ஒரு குழந்தை எதற்கோ சிரித்தது. அதோடு குரல் முடிந்தது.

மாப்பிள்ளை எழுதியிருந்தார்: மழையில் நனைந்து கெட்டுப்போன மருந்துகள் அகற்றப்படாமல் துர்நாற்றம். துறை, பொது சுகாதாரம். முன்னுரிமை, சாதாரணம். இரண்டு வாரத்துக்குள் நடவடிக்கை. 'காந்துது' என்ற சொல்லை அது எழுதவே இல்லை. அந்த இடத்தில் மூன்று புள்ளிகள் இருந்தன.

விரல் மூன்று புள்ளிகளுக்கு அடியில் நின்றுவிட்டது.

மறுபடியும் கேட்டாள். அப்புறம் மறுபடியும்.

நனைந்த மருந்தைத் தொடாதே என்று அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறாள். அலுமினியப் பொடி கலந்த மருந்தில் ஈரம் பட்டால் அது தானாகவே சூடேறும்; மூடி வைத்தால் இன்னும் மோசம். அப்படியென்றால் 'காந்துது' என்றால் அனலடிக்கிறது. ஆனால் செல்லப்பாண்டி வீட்டுப் புகாரிலும் இதே காந்துதுதான். அங்கே அது கண் எரிச்சல். வாடையும் அங்கே இருந்தது. ஓடைக்கரைப்பட்டியைச் சுற்றிலும் மக்காச்சோளக் காடு. பூச்சிமருந்துப் பொடி மூட்டை நனைந்து கிடக்கலாம். மாப்பிள்ளை சொல்கிறபடி ஆஸ்பத்திரிக் குப்பையாகக்கூட இருக்கலாம். யாரோ ஒரு கடைக்காரன் காலாவதியானதைக் கொண்டுவந்து கொட்டியிருக்கலாம். மூன்று மருந்தில் எந்த மருந்து? பஞ்சம்மாளுக்கு அது தெரிந்த விஷயம். அதனால்தான் அவள் சொல்லவில்லை.

வந்த எண்ணுக்குப் போன் போட்டாள். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. கொஞ்சம் பொறுத்து மறுபடி போட்டாள். அதே பதில்.

"யோகேஸு, இதக் கொஞ்சம் கேளு."

யோகேஸ்வரி ஹெட்போனை வாங்கி ஒரு காதில் வைத்துக் கேட்டாள். சிரித்துக்கொண்டிருந்த முகம் மாறியது. கழற்றிக் கொடுத்துவிட்டு, "அக்கா, சரிய அழுத்திட்டுப் போயிருங்க" என்றாள்.

"ஒனக்கு என்ன தோணுது?"

"எனக்குத் தோணி என்ன செய்ய? போன தடவையும் ஒங்களுக்குத் தோணுச்சுல்லா?" சொன்னபிறகு அவளுக்கே சங்கடமாகிவிட்டது. "பிரீத்திக்குப் படிப்பு முடிய இன்னும் எம்புட்டு நாள் கெடக்கு. அத யோசிங்க. மாப்பிள்ள சொன்னாருன்னு போயிட்டா நம்ம மேல ஒண்ணும் இல்ல."

நம் மேல் ஒன்றும் இல்லை என்பது உண்மைதான். பச்சையை அழுத்தினால் புகார் சுகாதாரத் துறைக்குப் போகும். அங்கே ஒருவர் இரண்டு வாரத்துக்குள் போய்ப் பார்ப்பார். அதற்குள் தீபாவளியே முடிந்துவிடும். மருந்தும் அந்த இடத்தில் இருக்காது. ஒன்று, காய்ந்து சரவெடியாகி லோடு ஏறியிருக்கும். இல்லாவிட்டால்... அருணாதேவிக்கு அதற்கு மேல் யோசிக்க அலுப்பாக இருந்தது. உடம்பெல்லாம் அலுப்பு. இந்த நாற்காலியில் உட்கார்ந்து தினமும் ஊரார் கஷ்டத்தை விரல் வைத்துப் படித்து, படித்ததற்கு 'சரி' என்று சொல்லிச் சொல்லி வந்த அலுப்பு. தண்ணீர் வரவில்லை, சரி. விளக்கு எரியவில்லை, சரி. பிள்ளைகள் அங்கேதான் விளையாடுகின்றன, சரி.

எழுந்து ஹரிஷ்குமாரின் கண்ணாடி அறைக்குப் போனாள். அவர் மாலை ஆய்வுக் கூட்டத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்தார்.

"உட்காருங்க மேடம்."

நின்றுகொண்டே சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"நீங்க மாத்தணும்னா மாத்துங்க மேடம். நான் என்னைக்காவது வேண்டாம்னு சொல்லியிருக்கேனா?"

"இல்ல சார்."

"காரணத்தை மட்டும் செலக்ட் பண்ணுங்க."

"அதுல சந்தேகம்னு ஒண்ணு இல்லையே சார்."

ஹரிஷ்குமார் லேசாகச் சிரித்தார். "சந்தேகம் எப்படி மேடம் காரணமாகும்? சந்தேகம்னாலே சிஸ்டம் சொன்னது இருக்கட்டும்னுதானே அர்த்தம்?"

"எனக்கு இது வெடிமருந்துன்னும் தெரியல. இல்லன்னும் தெரியல. ஆள் போய்ப் பாத்தாத்தான் தெரியும்."

"அப்போ மாத்தாதீங்க."

"மாத்தலன்னா யாரும் போக மாட்டாகளே சார்."

அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. அவளுக்கு அது அப்போதுதான் தெரிந்தது.

"ஒருக்கா நீங்களே கேட்டுப் பாருங்களேன் சார்" என்றாள்.

"நான் கேட்டு ஒண்ணு சொன்னா அது உங்க முடிவை மாத்தின மாதிரி ஆயிடும் மேடம். அது சரியில்லை. முடிவு உங்களோடது." மேசையில் இருந்த மடிக்கணினியை அவள் பக்கம் திருப்பினார். மாவட்டங்களின் பெயர்கள், பட்டைகள். விருதுநகர் மஞ்சளில் இருந்தது. "எனக்கும் மேல ஒருத்தர் இதே மாதிரி கலர்தான் பார்க்கிறார். அவரும் என்னைத் திட்டுறதில்லை. ஏன்னு கேட்பார். ஆனி மாசத்து மேட்டரை இன்னும் கேட்டுட்டு இருக்கார்." திரும்பத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். "மாத்தினீங்கன்னா ஒப்புதலுக்கு என்கிட்ட வரும். மீட்டிங் முடிய லேட்டாகும். நாளைக்குக் காலைல பார்க்கிறேன். கண்டிப்பா பார்க்கிறேன்."

சங்கரலிங்கமாக இருந்தால் இந்நேரம் கத்தியிருப்பார். அனுப்பியும் இருப்பார். ஓடைக்கரைப்பட்டிக்காரன் அவருக்கு வேண்டியவனாக இருந்திருந்தால் டிராயருக்குள் போட்டிருப்பார். அந்த ஆளை நினைத்து ஏங்க அவளுக்குத் தோன்றவில்லை. ஆனால் அவர் தப்புச் செய்தால் அது அவருடைய தப்பாக இருந்தது. இங்கே எல்லாரும் நல்லவர்கள். எல்லாருடைய தப்பும் எங்கே போய்ச் சேருகிறது என்றுதான் தெரியவில்லை.

நாற்காலிக்குத் திரும்பி வந்தாள். வலது கையை மௌசின் மேல் வைத்தாள். யோகேஸ்வரி பார்க்காதது போல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாம்பல் பொத்தானை அழுத்தினாள்.

பெட்டி திறந்தது. துறை, வருவாய், வெடிபொருள். முன்னுரிமை, உடனடி. காரணம்: எழுத்துப் பிழை, துறைப் பிழை, இரட்டைப் பதிவு, மற்றவை. மற்றவை. விளக்கத்தில் தட்டச்சு செய்தாள். முதலில் பஞ்சம்மாள் சொன்னதை அப்படியே, காந்துது என்ற சொல்லோடு எழுதினாள். அதற்குக் கீழே: 'மருந்து என்பது வெடிமருந்தா, பூச்சிமருந்தா, ஆஸ்பத்திரி மருந்தா என்று உறுதியாகத் தெரியவில்லை. வெடிமருந்தாக இருந்தால் நனைந்தது சூடேறிக்கொண்டிருக்கலாம். சாக்கை விலக்கவோ, தண்ணீர் ஊற்றவோ, தொடவோ வேண்டாம். முதலில் குழந்தைகளை அப்புறப்படுத்தவும். தகவல் சொன்னவர் பெயரை அங்கே சொல்ல வேண்டாம்.'

அனுப்பியதும் திரையில் 'மேலாளர் ஒப்புதலுக்குக் காத்திருக்கிறது' என்று வந்தது. சுவரில் அவள் பட்டை அசைந்து, மஞ்சளின் நுனியில் ஒரு துளி சிவப்பாயிற்று.

"போச்சு" என்றாள் யோகேஸ்வரி மெதுவாக.

கண்ணாடிக்குப் பின்னால் ஹரிஷ்குமார் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கூட்டத்தில் பேசத் தொடங்கியிருந்தார். நாளைக் காலை வரை அது அவர் கணினியில் கிடக்கும்.

வியாழக்கிழமைகளில் வருவாய் ஆய்வாளர்கள் நிலுவைப் புகார்களுக்குக் கையெழுத்துப் போட மையத்துக்கு வருவார்கள். ஓடைக்கரைப்பட்டியும் சுற்று ஊர்களும் சேர்ந்த பிர்காவுக்கு ஆய்வாளர் காளிராஜ். ஆனியில் ஜீப்பில் போனவர்களில் அவரும் ஒருவர். அன்றிலிருந்து அவளைப் பார்க்கும்போதெல்லாம் ஒரே கேலிதான். அவர் வராண்டாவில் ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தார்.

அருணாதேவி தான் எழுதியதைப் பிரிண்ட் எடுத்தாள். தாள் சூடாக வெளியே வந்தது. விரல் வைத்து முதலிலிருந்து படித்தாள். பிழை இல்லை. அனுப்புகிறவர் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் நிரலின் பெயர் இருந்தது. அதன் கீழே பேனாவால் அருணாதேவி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். மறுபடி மேலே போய், 'மருந்து' என்ற சொல்லுக்கு நேரே, ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டாள். அதைச் சுற்றி வட்டம் போட்டாள். பல வருடம் போடாத வட்டம்; கொஞ்சம் கோணலாக வந்தது.

வராண்டாவுக்குப் போனாள்.

"வாங்கம்மா வாங்க" என்றார் காளிராஜ். "இன்னைக்கு யாரு வீட்டுல பொண்ணு பாக்காக? வண்டிய எடுக்கவா?"

"ஓடைக்கரைப்பட்டி சார். கிழக்க உள்ள வளவு. மருந்து நனஞ்சு கெடக்காம். நீங்க வீட்டுக்குப் போற வழிதான்."

கேலி அவர் முகத்திலிருந்து உடனே போகவில்லை, மெதுவாகப் போயிற்று. "சிஸ்டத்துல வந்திருக்கா?"

"நாளைக்குத்தான் வரும்."

"பெறகு நான் எதவச்சுப் போக? கேட்டா என்ன சொல்ல?"

"அருணாதேவி எழுதிக் குடுத்தான்னு சொல்லுங்க. கையெழுத்துப் போட்டிருக்கேன்."

"உறுதியாச் சொல்லுதீகளா, வெடிமருந்துன்னு?"

"உறுதியில்ல சார்."

"ஏம்மா, காலைல இருந்து தாலுகாவுக்கும் பட்டாசுப் பட்டறைக்கும் அலைஞ்சு இடுப்பு ஒடிஞ்சு போயி நிக்கேன். மழ வேற வரப்போகுது. உறுதியில்லாததுக்கு என்னய அங்கன போகச் சொல்லுதீக."

"ஆமா சார்."

அவர் அவளைப் பார்த்தார். அவள் சொல்ல இருந்ததெல்லாம் தாளில் இருந்தது.

"பிள்ளைக இருக்கா அங்கன?" என்று கேட்டார்.

"விளையாடிக்கிட்டு இருக்காம்."

காளிராஜ் டீயைக் கடைசி மடக்குக் குடித்துவிட்டு டம்ளரைக் கைப்பிடிச் சுவரில் வைத்தார். ஹெல்மெட்டை மறுகைக்கு மாற்றிக்கொண்டு, போனை எடுத்துத் தீயணைப்பு நிலைய எண்ணைத் தேடினார். "சங்கு ஊதாம வரச் சொல்லுதேன்" என்று முனகினார். பிறகு அவள் பக்கம் கையை நீட்டினார்.

அருணாதேவி தாளை மடிக்காமல், கேள்விக்குறி மேலே தெரியும்படி, அந்தக் கையில் கொடுத்தாள்.